ஆடுவதற்கு முன்பே ஏன் கைதட்டுகிறோம்?

எங்கள் ஊர்ப் பள்ளியின் ஆண்டு விழா. மேடைக்கு ஐந்து படிகள். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைச் சக்கர நாற்காலியோடு இரண்டு ஆசிரியர்கள் தூக்கி ஏற்றினார்கள். ஏற்றி முடிப்பதற்குள் கூடத்தில் பலத்த கைதட்டல். பாட்டே இன்னும் தொடங்கவில்லை. தொடங்கியதும் ஏழெட்டுப் பிள்ளைகள் அவளைச் சுற்றிச் சுற்றி ஓடி ஆடினார்கள். அவள் நடுவில் உட்கார்ந்து தாமரை முத்திரை பிடித்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் மறுபடியும் கைதட்டல். பக்கத்து வரிசையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் தட்டினேன். ஆனால் அவள் என்ன ஆடினாள் என்று மறுநாள் யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஒன்றே ஒன்று மட்டும் நினைவில் நின்றது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தக் கைதட்டலில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனாலும் கூடம் தட்டியது நாற்காலிக்கு. நடனத்தை யாரும் பார்க்கவே தொடங்கவில்லை. ‘உள்ளடக்கிய நடனம்’ என்று இப்போது அடிக்கடி காதில் விழுகிறதே, அந்தத் துறையில் ஆடுகிறவர்கள் பேசுவதில் பாதி இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

சரி, உள்ளடக்கிய நடனம் என்றால் என்ன? மாற்றுத்திறன் உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே வகுப்பில் பயின்று, ஒரே மேடையில் சேர்ந்து, ஒரே கலைத்தரத்தைக் குறிவைத்து ஆடுவது. வேறு சிலவற்றை இதனோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். சிகிச்சைக்காகவோ குழந்தைகளின் வளர்ச்சிக்காகவோ நடனத்தைப் பயன்படுத்துவது ஒரு வகை. சென்னையில் அம்பிகா காமேஷ்வர் 1989ல் தொடங்கிய அமைப்பு, நடனத்தையும் நாடகத்தையும் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளின் வளர்ச்சிக்கு நெடுங்காலமாகப் பயன்படுத்திவருகிறது. மதிப்புள்ள வேலை, ஆனால் அங்கே குறிக்கோள் வேறு. மாற்றுத்திறனாளிகள் மட்டும் சேர்ந்த தனிக்குழு இன்னொரு வகை. சக்கர நாற்காலி நடனப் போட்டிகள் மூன்றாவது. அவற்றுக்குப் பன்னாட்டு விதிகள், பிரிவுகள், நடுவர்கள் எல்லாம் உண்டு. உள்ளடக்கிய நடனம் இவை எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஆனால் அது கேட்கும் கேள்வி வேறு: இந்த உடல் இங்கே இருப்பதால் நடனமே எப்படி மாறும்?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சிந்தனை இருக்கிறது. 1970களில் பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளே முன்வைத்தது. கால் நடக்காதது உடலின் ஒரு நிலை. மேடைக்கு ஐந்து படி வைத்தது கட்டியவரின் முடிவு. அந்தச் சிறுமியை முடக்கியது எது? கால் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். படி என்பதுதான் அவர்கள் தரும் பதில். முழுக்க ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. வலியும் களைப்பும் படியால் வருவதில்லை என்று மாற்றுத்திறனாளிகளிலேயே சிலர் வாதிடுகிறார்கள். ஆனால் நடன வகுப்பில் இந்தப் பார்வை உடனே பயன்படும். ‘இவளால் முடியாது’ என்று வாய்க்கு வருவதை ‘நான் எதைப் படியாக வைத்திருக்கிறேன்?’ என்று மாற்றிக் கேட்டுக்கொள்ளலாம்.

உள்ளடக்கிய நடனத்தின் வரலாற்றில் ஓர் ஆளை மட்டும் நின்று பார்க்கலாம். செலஸ்ட் டாண்டெகர் லண்டனில் பெயர்பெற்ற ஒரு நவீன நடனக் குழுவில் ஆடிக்கொண்டிருந்தவர். 1973ல் மான்செஸ்டரில் நிகழ்ச்சி நடக்கும்போதே மேடையில் விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டது. அதன் பிறகு சக்கர நாற்காலி. நடனத்தை விட்டு முழுக்கப் போய்விடவில்லை, அதே குழுவுக்கு உடை வடிவமைத்துக் கொடுத்தார். ஆடாமல் மேடைக்கு வெளியே இருந்தபடியே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல். 1990ல் பழைய சக நடனக் கலைஞர் தர்ஷன் சிங் புல்லர் எடுத்த ஒரு குறும்படத்துக்காகத்தான் மறுபடி ஆடினார். அடுத்த ஆண்டே ஆடம் பெஞ்சமினோடு சேர்ந்து கேண்டோகோ என்ற குழுவைத் தொடங்கினார். பெயரிலேயே ‘முடியும்’ என்ற ஆங்கிலச் சொல் ஒளிந்திருக்கிறது.

அவருக்கு முன்பும் ஆட்கள் உண்டு. அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் மேரி வெர்டி ஃப்ளெட்சர் 1980லேயே ஒரு குழு தொடங்கிவிட்டார். 1987ல் ஓக்லாண்டில் ஆக்ஸிஸ் குழு பிறந்தது. இவர்களில் பலருக்குக் கதவைத் திறந்துவிட்டது ‘தொடு நடனம்’ என்று சொல்லத்தக்க ஒரு முறை. 1972ல் ஸ்டீவ் பேக்ஸ்டன் தொடங்கியது. அதில் மனப்பாடமான அடவு, அதாவது முன்கூட்டியே வகுத்த அசைவு, எதுவும் கிடையாது. இரண்டு உடல்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, எடையைக் கொடுத்து வாங்கி, அந்த நொடியில் என்ன வருகிறதோ அதை ஆட வேண்டும். எடை இல்லாத உடல் உண்டா? யாரும் வரலாம் என்றாகிவிட்டது.

அப்படி வந்தவர்களில் டேவிட் டூல் மறக்க முடியாதவர். லீட்ஸ் நகரத்துக்காரர். பிறவிக் குறைபாடு காரணமாக ஒன்றரை வயதிலேயே இரண்டு கால்களையும் எடுத்துவிட்டார்கள். தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், கேண்டோகோ நடத்திய ஒரு பயிலரங்குக்குப் போய் அப்படியே நடனக்காரர் ஆனார். நாற்காலியை ஓரமாக விட்டுவிட்டு உள்ளங்கைகளில் நின்று, கைகளாலேயே மேடையைக் கடப்பார். தோளிலிருந்து விரல்வரை ஒரு மனிதக் கை எவ்வளவு பேசும் என்பது அவரைப் பார்த்தால் புரியும். 2012ல் லண்டனில் நடந்த, மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் விளையாட்டுப் போட்டிகளின் தொடக்க விழாவில் அவர் கம்பிகளில் உயர்ந்து அரங்கத்துக்கு மேலே மிதந்ததை உலகமே பார்த்தது. 2020ல் இறந்துபோனார். ‘கால் இல்லாமலும் ஆடினார்’ என்று அவரைப் பற்றி எழுதுவது சுலபம். எனக்கு அது சரியாகப் படவில்லை. கால் உள்ள ஒருவரால் அந்த நடனத்தை ஆடவே முடியாது.

இதை நமக்குத் தெரிந்த பரதநாட்டியத்தை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். முதல் பாடம் தட்டடவு. அரைமண்டியில், அதாவது முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்து மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையில், ‘தையா தை’ என்ற சொல்லுக்கு வலது பாதம், இடது பாதம் என்று மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். ஆசிரியர் கையில் தட்டுக்கழி. இப்போது வகுப்பில் கால் அசையாத ஒரு மாணவி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

பெரும்பாலான ஆசிரியர்கள், அன்பாகத்தான், ‘நீ முத்திரை மட்டும் பிடி கண்ணு’ என்பார்கள். இன்னும் கொஞ்சம் யோசிப்பவர் ‘கையால் தொடையில் தட்டு’ என்பார். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. தட்டடவு என்றால் என்ன என்று ஆசிரியர் தன்னையே கேட்டுக்கொள்வது. எடை கீழே இறங்குகிறது. தரை பதில் சொல்கிறது. ஒலி தாளத்தோடு ஒட்டுகிறது. இடுப்புக்குக் கீழே உடல் அகலமாக விரிந்து நிற்க, மேலே நெஞ்சு நிமிர்ந்திருக்கிறது. இவற்றில் எதை இந்த மாணவி எதனால் செய்வாள்? உருண்டுவரும் சக்கரத்தை இரண்டு கையாலும் சட்டென்று பிடித்தால் ஓர் அழுத்தமான வெட்டு கிடைக்கும். முன்சக்கரத்தை லேசாகத் தூக்கிப் போட்டால் தரை ‘டொக்’ என்று பேசும். முழங்கைகளை விரித்தால் அரைமண்டியின் அகலம் மேலே வந்துவிடும். தவிரவும், உட்கார்ந்து ஆடுவது நமக்கு அந்நியமும் இல்லை. பழைய மரபில் பதங்கள் என்ற நிதானமான பாடல்களுக்கு உட்கார்ந்தபடியே அபிநயம் பிடித்திருக்கிறார்கள்.

அதோடு வேலை முடிந்துவிடாது. அவள் கண்டுபிடித்த வெட்டை மற்ற மாணவிகளும் பழக வேண்டும். காலில் சக்கரம் இல்லாத அவர்கள் அந்த வழுக்கலையும் நிறுத்தத்தையும் தங்கள் உடலில் எப்படிக் கொண்டுவருவார்கள்? இப்போது தடுமாறும் முறை அவர்களுடையது. இங்கிலாந்தின் ஸ்டாப்கேப் போன்ற குழுக்களில் இதற்கு மொழிபெயர்ப்பு என்றே பெயர். அது இரண்டு பக்கமும் போகும் மொழிபெயர்ப்பு. ஒரு பக்கம் மட்டும் போனால் அது சலுகை.

எங்கள் பள்ளி மேடையில் நான் பார்த்த அந்த ஒன்று இதுதான். கடைசிச் சரணத்தில் மற்றப் பிள்ளைகள் வரிசை கட்டுவதற்காக விலகிய நேரத்தில், அந்தச் சிறுமி ஒரு சக்கரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்றதை மட்டும் ஒரு தள்ளு தள்ளினாள். நாற்காலி அரைவட்டம் சுழன்று, மிருதங்கம் விழுந்த இடத்தில் சரியாக நின்றது. பின்னல் தோளைச் சுற்றி வந்து விழுந்தது. அது அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில் இல்லை போலிருக்கிறது. பக்கத்துத் திரையோரம் நின்ற ஆசிரியை பதறி, ‘அசையாதே’ என்று கை காட்டினார்.

சக்கர நாற்காலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நடப்பது ஒவ்வோர் அடியிலும் நின்று நின்று நிகழ்வது. உருள்வது அப்படி இல்லை. ஒரு தள்ளுக்குப் பிறகு கைகள் விடுதலை. உடல் நகர்ந்துகொண்டே இருக்க, இரண்டு கையும் வேறு எதையோ சொல்லலாம். நடப்பவர்களுக்குக் கிடைக்காத வசதி அது. ஆனால் நம் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் நிற்கும் கனத்த நாற்காலியில் இதெல்லாம் நடக்காது. அது யாரோ பின்னாலிருந்து தள்ளுவதற்காகச் செய்தது. நடனத்துக்கான நாற்காலி எடை குறைந்தது. முதுகுச் சாய்வு தாழ்ந்திருக்கும், சக்கரங்கள் மேலே உள்ளே சாய்ந்து கீழே அகன்றிருக்கும். இடுப்பையும் தொடையையும் பட்டையால் கட்டிக்கொண்டால் உடல் திரும்பும்போது நாற்காலியும் திரும்பும். இதில் ஆடுபவர்கள் உள்ளங்கைக் காய்ப்பையும் தோள்வலியையும் பற்றிப் பேசுவார்கள், நம் பரதக் கலைஞர்கள் குதிகால் வலியைப் பற்றிப் பேசுவது போலவே. அவர்கள் எல்லாரும் சொல்லும் இன்னொன்று: கேட்காமல் நாற்காலியைத் தொடாதீர்கள். பேச்சுவாக்கில் அதன் கைப்பிடியில் சாய்வது, முன்பின் தெரியாதவர் இடுப்பில் கை போடுவதற்குச் சமம்.

ஆலிஸ் ஷெப்பர்டின் கதை இங்கே பொருத்தம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடைக்கால ஆங்கில இலக்கியப் பேராசிரியர். புற்றுநோயால் ஒரு காலை இழந்த பிறகும் ஆடிக்கொண்டிருந்த ஹோமர் அவிலாவின் நடனத்தை 2004ல் பார்த்தார். ‘நீங்களும் ஒரு நடன வகுப்புக்குப் போய்ப் பாருங்களேன்’ என்று அவிலா சவால் விட்டார். அதே ஆண்டு அவிலா இறந்துபோனார். ஷெப்பர்ட் வகுப்புக்குப் போனார், வேலையை விட்டார், ஆக்ஸிஸில் ஆடினார், 2016ல் கைனடிக் லைட் என்ற குழுவைத் தொடங்கினார். அவரும் லாரல் லாசனும் சேர்ந்து ஆடிய ஒரு படைப்பில் மேடை முழுக்கச் சாய்தளம். வளைந்து, ஏறி, உச்சியிலிருந்து சரியும் ஒரு மலை போல. சாய்தளம் என்றால் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? கட்டடத்தின் பின்பக்கம், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில், சிமென்டில் போட்ட ஒரு சரிவு. அதையே அவர்கள் நடனத்தின் நிலமாக எடுத்துக்கொண்டார்கள். பார்வையற்ற ரசிகர்களுக்காக அந்தக் குழு ஒரு செயலியும் உருவாக்கியது. நடனத்தை விவரிக்கும் பல ஒலித்தடங்கள் அதில் இருக்கும், எதைக் கேட்பது என்பது ரசிகரின் விருப்பம்.

ஸ்காட்லாந்தின் கிளேர் கன்னிங்ஹாமுக்கு நாற்காலி இல்லை, ஊன்றுகோல்கள். பாட்டுப் பயிற்சி பெற்றவர். நடனத்துக்குத் தாமதமாகத்தான் வந்தார். ஊன்றுகோலை மறைத்துவிட்டு ஆடும் எண்ணமே அவருக்குக் கிடையாது. ஆண்டாண்டாக அவற்றைப் பிடித்து நடந்ததால் கைகளில் சேர்ந்த வலு, தரையை ஒவ்வோர் அடியிலும் பார்த்துப் பார்த்து வைக்கும் பழக்கம், இவற்றிலிருந்துதான் தன் அசைவுமொழியை எடுத்தார்.

உடல் அசைவோடு விஷயம் முடியவில்லை, தாளத்தின் நேரமும் எப்போது அசைவது என்ற குறிப்பும் இருக்கின்றன. காது கேளாதவர் தாளத்தை எப்படிப் பிடிப்பார் என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. சீனாவின் ‘ஆயிரம் கைப் போதிசத்துவர்’ நடனத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக் நிறைவு விழாவில் ஆடியது, 21 பேர், எல்லோரும் காது கேளாதவர்கள். மேடையின் நான்கு மூலைகளில் நால்வர் நின்று சைகையால் தாளம் காட்டினார்கள். வரிசையில் முன்னால் இருப்பவரின் மூச்சும் அசைவும் பின்னால் இருப்பவருக்குக் குறிப்பு. பெங்களூரில் பார்வையற்ற மாணவர்கள் பரதம் பயின்று மேடையேறியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஆசிரியர் தன் கையையும் முகத்தையும் தொட்டுப் பார்க்கக் கொடுத்துக் கற்பித்தார். கண்ணால் பார்த்துக் கற்பவர்கள் அடவின் வெளிக்கோட்டைத்தான் பார்க்கிறார்கள். தொட்டுக் கற்பவர்களுக்குத் தசை எங்கே இறுகுகிறது என்பதும் சேர்ந்தே கிடைத்துவிடுகிறது.

இந்த இடத்தில் ‘பரதக் கலைஞர் சுதா சந்திரன் இருக்கிறாரே’ என்று கேட்பீர்கள். 1981ல் திருச்சி அருகே நடந்த பேருந்து விபத்துக்குப் பிறகு, பதின்ம வயதில், அவருடைய வலது காலை எடுக்க வேண்டிவந்தது. ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் காலைப் பொருத்திக்கொண்டு 1984ல் மறுபடி மேடையேறினார். மறுவருடமே அவர் கதை ‘மயூரி’ என்று தெலுங்கில் படமாகி, அவரே நடித்தார். மருத்துவர் சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திராவும் உருவாக்கிய அந்தக் கால், வெறும் காலோடு நடக்கவும் சம்மணம் போட்டு உட்காரவும் தோதாகச் செய்யப்பட்டது. மேல்நாட்டுச் செயற்கைக் கால்கள் செருப்புக்காகவே செய்யப்பட்டிருந்த காலம் அது. வெறுங்காலில் தட்டி ஆடும் கலைக்கு அதன் அருமை சொல்லத் தேவையில்லை.

சுதா சந்திரனின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எவருக்கும் வாய் வராது. ஆனால் அந்தக் கதையை நாம் சொல்லும் விதத்தில் ஒரு சிக்கல். இழந்தார், போராடினார், பழையபடி ஆடினார் என்று முடிக்கிறோம். பழையபடி ஆட முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? மார்க் புரூ ஆஸ்திரேலியாவில் பாலே பயின்றவர். 1997ல் தென்னாப்பிரிக்காவில் நடந்த கார் விபத்தில் உடன் வந்த மூவரும் இறந்தார்கள், அவருக்குக் கால்கள் செயலிழந்தன. செயற்கைக் காலால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை. பழைய உடலுக்குத் திரும்பும் வழி அடைபட்ட பிறகு, இருக்கிற உடலில் நடனம் எது என்று முதலிலிருந்து தேடினார். பின்னாளில் நடன அமைப்பாளராகி ஆக்ஸிஸ் குழுவின் கலை இயக்குநராகவும் இருந்தார். இரண்டு பாதையும் உண்மையானவை. நமக்கு முதல் பாதைதான் பழக்கம், அதனால் இரண்டாவது கண்ணில் படுவதில்லை.

இந்தத் துறையில் உள்ளவர்களுக்கு எரிச்சல் தரும் ஒரு சொல் உண்டு என்றால் அது ‘இன்ஸ்பிரேஷன்’, அதாவது மற்றவர்களுக்கு ஊக்கம் தருபவர் என்ற பாராட்டு. ஆஸ்திரேலியப் பத்திரிகையாளரும் நகைச்சுவைக் கலைஞருமான ஸ்டெல்லா யங், தானும் சக்கர நாற்காலியில் இருந்தவர், 2012ல் இதைக் கூர்மையாக எழுதினார். மாற்றுத்திறனாளியின் சாதாரண வாழ்க்கையைக்கூட மற்றவர்கள் தங்களைத் தேற்றிக்கொள்ளும் பண்டமாக ஆக்கிவிடுகிறார்கள் என்பது அவர் வாதம். நடனத்தில் இதன் விளைவு மிகவும் நடைமுறையானது: விமர்சனம் கிடைக்காது. தாளம் தப்பியிருந்தாலும் ‘அற்புதம்’. ஒளியமைப்பு மோசமாக இருந்தாலும் ‘கண்ணீர் வந்துவிட்டது’. தப்பு எங்கே என்று சொல்ல ஆள் இல்லாத கலைஞர் எப்படி வளர்வார்? போதாததற்கு, மற்றவர்கள் ஐந்து வயதில் வகுப்பில் சேரும்போது இவர்களில் பலர் இருபது, முப்பது வயதில்தான் முதல்முறை நடன அறைக்குள் நுழைகிறார்கள். அதற்கு முன்னால் யாரும் கூப்பிடவில்லை, அல்லது வகுப்பு மாடியில் இருந்தது.

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இந்த நடனத்துக்கு வேறொரு கனம் உண்டு. போர் பல உடல்களை மாற்றிவிட்டுப் போன மண் அது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் விஸ்அபிலிட்டி என்ற அமைப்பு, நடனப் பயிற்சியோடு மாற்றாற்றல் கொண்டோரின் சட்ட உரிமைகளையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தது. வீட்டுக்குள்ளேயே இருந்தவர்கள் பொது இடத்தில், பஸ் நிலையத்திலும் சந்தையிலும் எல்லோரும் பார்க்க ஆடுவது என்றால், ‘நான் இங்கேதான் இருக்கிறேன்’ என்று சொல்ல அதைவிட நேரடியான வழி இருக்காது என்று நினைக்கிறேன்.

நடனம் சொல்லிக்கொடுப்பவர் யாராவது இதைப் படித்தால்: முதல் நாள் வரும் மாணவரிடம் ‘உனக்கு என்ன ஆச்சு?’ என்று தொடங்க வேண்டாம். ‘எதில் தொடங்கலாம்? எப்போது ஓய்வு வேண்டும்? தொட்டுத் திருத்தலாமா?’ போதும். பேச்சு நிதானமாக வருபவர் என்றால் பதிலுக்குக் காத்திருங்கள், வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் தசைகள் சொன்னபடி கேட்காத நிலை) உள்ளவரின் கை எட்டு எண்ணிக்கைக்குள் மேலே வராமல் போகலாம். எண்ணிக்கையைப் பதினாறாக்கிப் பாருங்கள், அந்தக் கை ஏறிவரும் வழியில் என்னென்னவோ நடக்கும். வகுப்பு மாடியில் என்றால் வாரம் ஒருநாளாவது கீழே யாருடைய கூடத்தையாவது கேட்டு வாங்குங்கள்.

ரசிகர்களுக்குச் சொல்ல அவ்வளவு இல்லை. விளக்கு அணைந்து பாட்டு தொடங்கும்வரை கையை மடியில் வைத்திருங்கள். யார் முதலில் அசைகிறார், யார் எடையை யார் தாங்குகிறார், நாற்காலியில் இருப்பவரைச் சுற்றி மற்றவர்கள் வெறுமனே ஓடுகிறார்களா அல்லது அவர் அசைவுக்குப் பதில் சொல்கிறார்களா என்று பாருங்கள். பிடித்திருந்தால் தட்டுங்கள். இரண்டாம் பாதி இழுவையாக இருந்தால், வெளியே வந்து டீ குடிக்கும்போது இழுவை என்றே சொல்லுங்கள். டிக்கெட் வாங்கித்தானே போயிருக்கிறோம்.